ஐக்யூ எண்ணைப் பார்த்துப் பயப்படும் முன்: ஆல்ஃபிரட் பினே யார், இந்தச் சோதனையை எதற்காக உருவாக்கினார்?

உங்கள் வீட்டுக்கோ, ஆபீஸ் நண்பர் வீட்டுக்கோ இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருக்கலாம். மேலே குழந்தையின் பெயர், பிறந்த தேதி. நடுவில் 'பிகேடி' என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ஓர் எண். 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே 'லேசான அறிவுசார் குறைபாடு' என்று எழுதியிருக்கும். படிப்பவரின் கண் அந்த எண்ணிலேயே நின்றுவிடும்.

பிகேடி என்பது பினே-காமத் டெஸ்ட். இதில் காமத் இந்தியர். பினே பிரான்ஸ்காரர், 1911-லேயே இறந்துபோனவர். உங்கள் குழந்தையின் ரிப்போர்ட்டில் ஏன் அவர் பெயர் இருக்கிறது? அந்த எண்ணைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்? இரண்டுக்கும் பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. தெரிந்துகொண்டால் ரிப்போர்ட்டை நீங்கள் படிக்கும் விதமே மாறலாம்.

வக்கீலாக வேண்டியவர்

ஆல்ஃபிரட் பினே 1857 ஜூலை 8-ம் தேதி நீஸ் நகரில் பிறந்தார். அப்பா டாக்டர், அம்மா ஓவியர். பெற்றோர் பிரிந்துவிட, பையனை வளர்த்தது அம்மாதான். படிப்புக்காக அம்மாவும் மகனும் பாரிஸுக்கு வந்தார்கள்.

1878-ல் சட்டப் பட்டம் வாங்கினார், ஆனால் அந்தத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. மருத்துவம் படிக்கத் தொடங்கி அதையும் பாதியில் விட்டார். பிறகு பாரிஸின் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து, கிடைத்த உளவியல் புத்தகங்களையெல்லாம் படித்தார். வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால், முழுக்க செல்ஃப்-லேர்னிங். அறிவை அளக்கும் முறையை உலகத்துக்குக் கொடுத்தவர் உளவியலில் முறையான பட்டம் எதுவும் வாங்கியதில்லை. பின்னாளில் அவர் பெற்ற டாக்டர் பட்டமும் பூச்சிகளின் நரம்பு மண்டலம் பற்றியது.

முதல் பெரிய அடி

1883-ல் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே தலைமை மருத்துவர் ஷார்கோ. அந்தக் காலத்தில் ஹிப்னாடிசம் என்றால் ஐரோப்பா முழுக்க அவர் பெயர்தான். பினேயும் சக ஆய்வாளர் ஷார்ல் ஃபெரேயும் ஹிப்னாடிச நிலையில் இருந்த நோயாளிகளிடம் காந்தத்தை வைத்துச் சோதனை செய்தார்கள். காந்தத்தை நகர்த்தினால் உடம்பின் ஒரு பக்கத்து அசைவு மறுபக்கத்துக்கு மாறுகிறது என்று அறிவித்தார்கள்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்பேஃப் என்ற ஆய்வாளர் இதை நேரில் வந்து பார்த்தார். என்ன நடக்க வேண்டும் என்று நோயாளிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, காந்தத்துக்கு இதில் வேலையே இல்லை என்று காட்டினார். பினே முதலில் எதிர்த்து எழுதினார். கடைசியில் தன் முடிவு தவறு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, மருத்துவமனையை விட்டும் வெளியேறினார்.

இந்த அனுபவம் அவரை விடவில்லை. சோதனை செய்பவர் எதிர்பார்ப்பதே சோதனையின் முடிவாக வந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை, அதன் பிறகு அவர் செய்த எல்லா வேலையிலும் தெரிகிறது.

இரண்டு மகள்கள், ஒரு நாற்காலி

1884-ல் லோர் பல்பியானியை மணந்தார். மதலேன், அலீஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள். சால்பெத்ரியேரை விட்ட காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடம் வீடுதான். மூத்தவள் நடை பழகும்போது, பிடித்துக்கொள்ள அருகில் நாற்காலியோ மேஜையோ இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடி எடுத்து வைப்பாள். சின்னவள் சிரித்துக்கொண்டே, பிடிமானம் இல்லாத நடு அறைக்குத் தள்ளாடிப் போவாள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு, ஆனால் இரண்டு விதமான மனம். பல வருடங்கள் அவர்களைக் கவனித்து எழுதியவை 1903-ல் அறிவாற்றல் பற்றிய புத்தகமாக வந்தன.

அதில் அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால்: இரண்டு பேருக்குமே புத்தி இருக்கிறது, அது வேலை செய்யும் விதம்தான் வேறு. யாருக்கு 'அதிகம்' என்று ஒரே அளவில் சொல்வது கஷ்டம்.

இதற்கிடையே 1891-ல் சோர்போன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, சில வருடங்களில் அதன் இயக்குநரானார். தலையின் அளவுக்கும் புத்திக்கும் தொடர்பு உண்டு என்று பலரும் நம்பிய காலம் அது. பினேயும் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் தலையை அளந்தார். நன்றாகப் படிப்பவருக்கும் படிக்காதவருக்கும் வித்தியாசம் மில்லிமீட்டர் கணக்கில்தான் வந்தது. பழைய பாடம் ஞாபகம் இருந்ததால், அந்தச் சின்ன வித்தியாசம்கூடத் தன் எதிர்பார்ப்பால் வந்ததோ என்று தன்னையே சந்தேகப்பட்டார். டேப்பைக் கீழே வைத்தார்.

1904: அரசு கேட்ட கேள்வி

1882 முதல் பிரான்சில் கட்டாயக் கல்விச் சட்டம் இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் வகுப்புக்கு வந்தார்கள், சிலரால் பாடத்தைப் பின்தொடர முடியவில்லை. அவர்களை என்ன செய்வது என்று பார்க்க 1904-ல் கல்வி அமைச்சர் ஒரு குழு அமைத்தார். பினே அதில் உறுப்பினர். முறையாகப் பரிசோதிக்காமல் எந்தக் குழந்தையையும் சாதாரண வகுப்பிலிருந்து எடுத்துத் தனி வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்று குழு முடிவெடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிச்சுப் பாருங்க. அதுவரை ஒரு குழந்தையின் தலைவிதியைத் தீர்மானித்தது டீச்சரின் எரிச்சலோ, டாக்டரின் பார்வையோதான். வெவ்வேறு மருத்துவமனைகள் ஒரே குழந்தைக்கு வெவ்வேறு பெயர் எழுதிச் சான்றிதழ் கொடுத்ததை பினே ஒப்பிட்டுக் காட்டினார். வகுப்பில் சேட்டை செய்கிற பையன், காது சரியாகக் கேட்காத பெண், வறுமையால் பள்ளிக்கு வராமல் இருந்த பிள்ளை, எல்லாரும் 'மந்தம்' என்ற ஒரே கூடையில் விழ வாய்ப்பிருந்தது. அதைத் தடுப்பதற்குத்தான் ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது.

சோதனை எப்படி வேலை செய்தது?

தெயோடோர் சிமோன் என்ற இளம் டாக்டருடன் சேர்ந்து 1905-ல் பினே முதல் அளவுகோலை வெளியிட்டார். எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் 30 பணிகள். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் பின்தொடர்வது, உடம்பின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவது, மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது, ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்வது. பாடப்புத்தகம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்த சாதாரணப் பிள்ளைகள் சுமார் 50 பேர். இன்று பார்த்தால் ரொம்பச் சின்ன சாம்பிள்தான்.

1908-ல் அதைத் திருத்தி, 3 முதல் 13 வயது வரை வயதுவாரியாகப் பணிகளை அடுக்கினார். ஆறு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்கிற பணிகளை ஒரு குழந்தை செய்தால், அதன் மனநிலை ஆறு வயதுக்குரியது. 'மன வயது' என்று நாம் சொல்வது இங்கே தொடங்கியது. 1911 திருத்தத்தில் பெரியவர்களுக்கான பணிகளும் சேர்ந்தன.

இதில் 'ஐக்யூ' எங்கே? பினேயிடம் அது கிடையாது. எட்டு வயதுக் குழந்தை ஆறு வயதுப் பணிகள் வரை செய்தால், இரண்டு வருடம் பின்தங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்வார். 1912-ல், அதாவது பினே இறந்த அடுத்த வருடம், ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் ஒரு யோசனை சொன்னார்: நாலு வயதில் இரண்டு வருடம் பின்தங்குவதும் பன்னிரண்டு வயதில் இரண்டு வருடம் பின்தங்குவதும் ஒன்றல்ல, எனவே மன வயதை உண்மை வயதால் வகுக்க வேண்டும். 1916-ல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் தன் ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையில் அதை 100-ஆல் பெருக்கிக் கொடுத்தார். நாலு வயதுக் குழந்தைக்கு மன வயது 2 என்றால் 50. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு மன வயது 10 என்றால் 83. நம் ரிப்போர்ட்டில் உள்ள எண் இப்படித்தான் பிறந்தது.

அளந்த பிறகு என்ன செய்தார்?

பினேயின் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி இது. 1905-ல் பாரிஸின் ஒரு தொடக்கப் பள்ளியில், அதன் தலைமை ஆசிரியர் வானேயுடன் சேர்ந்து ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்காகச் சில பயிற்சிகளை வகுத்தார். டீச்சர் கை தட்டியதும் சிலை மாதிரி அசையாமல் நிற்பது ஒன்று. ஒரு அட்டையில் உள்ள பொருள்களைச் சில நொடி பார்த்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதுவது இன்னொன்று. கவனம், ஞாபகம், பொறுமை ஆகியவற்றை முதலில் பழக்கினால், பாடம் பிறகு ஏறும் என்பது அவர் கணக்கு. வளைந்த முதுகுக்கு உடற்பயிற்சி கொடுப்பதுபோல மனதுக்கும் பயிற்சி கொடுக்கலாம் என்ற பொருளில் இதற்கு மன எலும்பியல் என்று பெயர் வைத்தார்.

புத்தி என்பது பிறக்கும்போதே முடிவாகிவிட்ட மாறாத அளவு என்ற கருத்தை 1909-ல் எழுதிய புத்தகத்தில் கடுமையாக மறுத்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். அதே வருடம் பிரான்சில் தனி வகுப்புகளுக்கான சட்டமும் வந்தது.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. பிரஸ்ஸல்ஸில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த ஒரு தனியார் பள்ளியில் இதே சோதனையை நடத்தியபோது, அவர்கள் பாரிஸ் பிள்ளைகளைவிட சுமார் ஒன்றரை வருடம் முன்னால் இருந்தார்கள். வீட்டுச் சூழல் மதிப்பெண்ணை மாற்றுகிறது என்பதை பினே மறைக்கவில்லை, அதை எழுதி விவாதித்தார்.

1911 அக்டோபர் 18 அன்று, 54 வயதில் இறந்தார். பிரான்சில் ஒரு பேராசிரியர் பதவிகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

கடல் தாண்டிப் போன எண்

பிறகு நடந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே ஆய்வுப் பிரிவை நடத்திய ஹென்றி காடர்டு, பினே சோதனையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். புத்தி பரம்பரையாக வருவது, மாறாதது என்பது காடர்டின் நம்பிக்கை. 1913-ல் அவருடைய குழு நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளைச் சோதித்தது. வாரக்கணக்கில் கப்பலில் வந்து களைத்தவர்கள், ஆங்கிலம் தெரியாதவர்கள். அவர்களில் பெரும் பகுதியினர் அறிவு குறைந்தவர்கள் என்று முடிவு வந்தது.

அதைவிட மோசமானது 1927-ல் நடந்தது. வர்ஜீனியாவில் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையில் மன வயது ஒன்பது என்று வந்திருந்தது. அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பள்ளியில் அவர் ஒழுங்காகத் தேறியவர் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஒரு குழந்தையும் காரணமில்லாமல் வகுப்பிலிருந்து வெளியேற்றப்படக் கூடாது என்பதற்காகப் பிறந்த அளவுகோல், ஒரு பெண்ணின் உடலின் மீதே தீர்ப்பு சொல்லும் ஆயுதமாகிவிட்டது.

ஆனால் அதே வைன்லேண்டிலிருந்து நல்லதும் ஒன்று வந்தது. 1935-ல் அங்கே எட்கர் டால் வேறொரு அளவுகோல் செய்தார். இவர் தானாகச் சாப்பிடுவாரா, உடை மாற்றுவாரா, தெருவில் தனியாகப் போய் வருவாரா, காசைக் கையாள்வாரா என்று வீட்டாரிடம் கேட்கும் சோதனை அது. பெயர் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், சுருக்கமாக விஎஸ்எம்எஸ்.

இந்தியாவுக்கு வந்தது எப்படி?

1922-ல் லாகூர் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ரைஸ், பினே சோதனையை இந்துஸ்தானிக்கு மாற்றினார். 1930-களில் வி.வி. காமத் கன்னடம், மராத்தி பேசும் பிள்ளைகளுக்காக அதைத் திருத்தி அமைத்தார். அதுதான் இன்றும் நம் ரிப்போர்ட்டில் வரும் பிகேடி. 3 முதல் 22 வயது வரைக்குமானது. விஎஸ்எம்எஸ்-ஸை நாக்பூரில் பாதிரியார் மாலின் இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப 89 கேள்விகளாக மாற்றினார்.

நீங்கள் ஹைதராபாத்தில் இருந்தால், இந்தத் துறையின் தலைமை இடம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. 1984-ல் செகந்திராபாத் மனோவிகாஸ் நகரில் மத்திய அரசு ஒரு தேசிய நிறுவனத்தைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான அதிகாரமளித்தல் தேசிய நிறுவனம், சுருக்கமாக நீபிட். ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலான ஐசா இங்கே உருவானது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு, பலவகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்குகிறது.

ஹப்சிகுடாவில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். உப்பல் ரோட்டில் நீங்கள் தினமும் கடக்கும் சிசிஎம்பி, மரபணு ஆராய்ச்சிக்குப் பேர்போனது. ஒரு குழந்தையின் வளர்ச்சித் தாமதத்துக்கு என்ன காரணம் என்பதை மரபணுப் பரிசோதனை சில நேரம் சொல்லும். அந்தக் குழந்தைக்கு இன்று என்ன செய்ய வரும், நாளை எதைச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதை அது சொல்லாது. அதற்கு ஒருவர் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, பினே செய்த மாதிரி, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாக வேண்டும்.

சரி, ரிப்போர்ட் கையில் இருந்தால் என்ன கேட்கணும்?

முதலில், எந்த மொழியில் சோதித்தார்கள்? வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ், அபார்ட்மென்ட்டில் தெலுங்கும் இந்தியும் என்று வளரும் குழந்தையிடம், தெரியாத மொழியில் கேள்வி கேட்டால் மதிப்பெண் குறையும். எல்லிஸ் தீவில் நடந்ததும் அதுதான். தமிழ் தெரிந்த உளவியலாளர் கிடைக்கவில்லை என்றால், மொழி குறைவாகத் தேவைப்படும் செயல்வழிச் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது, காதும் கண்ணும் பார்த்தாச்சா? பேச்சு வராத குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது கேட்கும் திறன் பரிசோதனை.

மூன்றாவது, விஎஸ்எம்எஸ் போட்டார்களா? ஐக்யூ எண்ணை மட்டும் வைத்து அறிவுசார் குறைபாடு என்று சொல்லக் கூடாது. அன்றாட வாழ்க்கைத் திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் உலக நடைமுறை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் குறைபாட்டின் சதவீதத்துக்கு அடிப்படை விஎஸ்எம்எஸ்தான்: 55 முதல் 69 வரை வந்தால் 50 சதவீதம், 36 முதல் 54 வரை வந்தால் 75 சதவீதம். 2024-ல் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டதால், இப்போதைய விதியை மருத்துவக் குழுவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது, எந்த வருடத்து அளவுகோல்? பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளைகளுக்கு மதிப்பெண் உயர்ந்தே வரும். உலகம் முழுக்கக் கண்ட இந்தப் போக்குக்கு ஃப்ளின் விளைவு என்று பெயர். பிகேடியின் அடிப்படைக் கணக்கு 1930-களைச் சேர்ந்தது என்பதை மறக்காதீர்கள்.

ஐந்தாவது, மறுபடி எப்போது சோதிக்க வேண்டும்? ஐந்து வயதுக்குள் அறிவுசார் குறைபாடு என்று முத்திரை குத்துவதில்லை, வளர்ச்சித் தாமதம் என்றே எழுதுவார்கள். 2018 வழிகாட்டுதலின்படி 5, 10, 18 வயதுகளில் மறுமதிப்பீடு. 18-ல் கிடைப்பது வாழ்நாள் சான்றிதழ்.

வயது வந்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இடஒதுக்கீடு, வரிச் சலுகை, நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு என்று பல வழிகள் திறக்கும். தெலங்கானாவில் மக்கள் 'சதரம்' என்று சொல்லும் சான்றிதழும், நாடு முழுக்கச் செல்லும் யுடிஐடி அட்டையும் இதற்கானவைதான். முதல் கட்டப் பரிசோதனைக்கு, 18 வயது வரையான பிள்ளைகளுக்கு மாவட்டந்தோறும் இலவச ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

மன வயது என்ற சொல்லையும் ஜாக்கிரதையாகப் பயன்படுத்துங்கள். 30 வயதுக்காரருக்கு மன வயது எட்டு என்று ரிப்போர்ட் சொன்னால், அவர் எட்டு வயதுக் குழந்தை என்று அர்த்தமில்லை. அவருக்கு 30 வருட அனுபவம் இருக்கிறது, விருப்பு வெறுப்பு இருக்கிறது, சம்மதம் சொல்லவும் மறுக்கவும் உரிமை இருக்கிறது. லேசான குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் கர்ப்பத்தை அவர் சம்மதமில்லாமல் கலைக்க முடியாது என்று 2009-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேரி பக்குக்குக் கிடைக்காத நியாயம் அது.

பினே தன் சோதனையை முடித்ததும் எண்ணை எழுதிவிட்டு எழுந்து போகவில்லை. அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்று யோசித்தார். உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணுக்குக் கீழே 'பரிந்துரைகள்' என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலும் நாம் படிக்காமல் விடுவது அதைத்தான். முதலில் அதைப் படியுங்கள். அது காலியாக இருந்தால், சோதனை இன்னும் முடியவில்லை என்று சொல்லித் திருப்பிக் கேளுங்கள்.